பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்

பத்திரிகைத் தொழிலில் நான் முதன்முதலாக வேலை பழகியது மரண அறிவித்தல் பக்கத்தில்தான். 1996ஆம் ஆண்டு, இடப்பெயர்வுகளையெல்லாம் தாண்டி ஒருவாறு கொழும்பு வந்து சேர்ந்து, ஒரு தமிழ் நாளிதழில் ஒப்புநோக்காளனாக இணைந்தேன். கையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைமாணிப் பட்டம். தலைக்குள் உலக அரசியல். மேசையில் கொண்டுவந்து வைக்கப்பட்டதோ, வவுனியாவிலும் திருகோணமலையிலும் கொழும்பிலும் முதல்நாள் இறந்தவர்களின் விபரம். "தலையங்கத்தில பிழை விட்டால் ஒருதரும் கவனிக்க மாட்டினம். செத்தவீட்டு அறிவித்தலில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் மூண்டு தலைமுறைக்கு மறக்க மாட்டினம்" என்று என்னைப் பழக்கிய பெரியவர் சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கூற்றைத் திருத்த வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

எங்கள் மரண அறிவித்தலுக்கு ஓர் இலக்கணம் உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னின்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மாமனாரும், இன்னாரின் செல்லப் பேரனும் ஆவார். (தமிழ்நாட்டு வாசகர்கள் திகைக்க வேண்டாம். எங்கள் வழக்கில் பேரன் என்றால் தாத்தா. எண்பது வயதுக்காரர் எப்படிச் செல்லப் பேரனானார் என்று சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் என் மேசையருகே நின்று வெகுநேரம் குழம்பியிருக்கிறார்.) பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் நாடு வரவேண்டும். கனடா, பிரான்ஸ், சுவிஸ், லண்டன். இறந்துபோன உறவினரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்ற சொல் தவறாமல் வரவேண்டும். உயிரோடு இருப்பவருக்கு அந்தச் சொல் தவறிப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அந்த இலக்கணத்தை நான் பத்திரிகைக் கந்தோரில் கற்றதாகத்தான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் கற்றது வீட்டில். கனகராயன்குளத்தில், அப்பாவின் வானொலியருகே. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் அவர் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து குந்திவிடுவார். தனக்குத் தெரிந்த எவரும் அதில் வராத நாளிலும் இறுதிவரை கேட்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்குக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. ஆனாலும் அறிவித்தல் கேட்பது நிற்கவில்லை. 'றலி' சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அதன் டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுத்தார். பெடலைக் கையால் சுழற்றுவது தம்பியின் வேலை. அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். அவன் கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோர்ந்து, இழுபட்டு, மறைந்துவிடும். "இன்னும் ரெண்டு பேர்தான்ரா, சுத்து" என்பார் அப்பா. எந்த இரண்டு பேர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டதற்கு ஒருபோதும் பதில் வந்ததில்லை.

அப்பா 2019 மார்கழியில், தமது எண்பதாவது வயதில், கனகராயன்குளத்தில் காலமானார். அன்றும் நான் இரவுப் பணியில் இருந்தேன். அம்மா தொலைபேசியில் அழவில்லை. "கொப்பர் போட்டார். நீ அறிவித்தலை எழுது" என்று மட்டும் சொன்னார்.

ஏ9 வீதியில் வேகமாகப் போகிறவர்களுக்குக் கனகராயன்குளம் ஒரு பெயர்ப்பலகை. புளியங்குளம் தாண்டி, மாங்குளம் வருவதற்கு முன்னால், சில கடைகள், ஒரு பாடசாலை, வீதிக்கு இருமருங்கும் காடு. ஆனால் எங்கள் பெயரைத் தாங்கிய ஆறு அவ்வளவு சிறியதல்ல. கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, அப்பால் சுண்டிக்குளம் பக்கத்துக் கடனீரேரியில் போய்ச் சேர்கிறது. கிளிநொச்சிக் கமக்காரரைச் சந்திக்கும்போதெல்லாம், "உங்கட வயலுக்குப் பாயிறது எங்கட மழைதான் கண்டியளோ" என்று சொல்லாமல் அப்பாவால் இருக்க முடியாது.

ஆகவே அறிவித்தலின் முதல் வரி இலகுவாக வந்தது. கனகராயன்குளத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட... எழுதிவிட்டு நிறுத்தினேன். இரண்டும் ஒரே ஊர் என்று எழுதக் கொடுத்துவைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது குறைவு. அப்பாவும் உண்மையில் அப்படி வாழ்ந்தவரா? 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை வீதியை ஒட்டி வடக்கே நகர்ந்தபோது மல்லாவிக்குப் போனார். 1999 நவம்பரில் போர்முனை மீண்டும் தெற்கே தள்ளப்பட்ட பின்னர் திரும்பி வந்தார். 2008இல் மறுபடியும் பெயர்ந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், அதன் பிறகு செட்டிகுளம் முகாம். 2010இல்தான் வீடு. ஆனால் அந்த இடங்களைப் பற்றி எங்காவது பேச்சு வந்தால் "மல்லாவியில இருக்கேக்க" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "மல்லாவியில நிக்கேக்க" என்பார். நிற்பது வேறு, இருப்பது வேறு. எழுதிய வரியை நான் மாற்றவில்லை.

அடுத்தது ஆருயிர்க் கணவர். இந்தச் சொற்றொடரை ஆயிரக்கணக்கான தடவை ஒப்புநோக்கியிருக்கிறேன். ஒரு தடவையேனும் அதன் பொருளை யோசித்தேனா என்றால், இல்லை. அம்மா கரவெட்டியில் பிறந்தவர். 1966இல் கலியாணம் செய்து வன்னிக்கு வந்தார். அங்கே வீதிக்கு வீதி விளக்கும் வேலிக்கு வேலி பேச்சும். இங்கே இரவில் யானை. காய்ச்சல் வேறு. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மாத்திரமே மலேரியா என்று கணக்குக் காட்டிய இலங்கை, மருந்தடிப்பதைத் தளர்த்திவிட்டு, 1968, 69 ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோரைக் காய்ச்சலில் போட்டது. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் வந்தது. மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் அம்மாவைக் கிடத்தி, வீதிவரை கொண்டுவந்து, பின்னர் ஒரு லொறியை மறித்து வவுனியா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாராம் அப்பா. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தபோது, அச்செய்தியை நான் தொலைபேசியில் சொன்னேன். "நில்லு, கொம்மாவைக் கூப்பிடுறன். அவவுக்குச் சொல்லு" என்றார். ஐம்பது ஆண்டுக்கால வழக்கொன்றில் தீர்ப்பு வந்ததுபோல் இருந்தது அவருடைய குரல்.

அம்மா வந்த புதிதில் கிணற்றைப் பார்த்து அழுதாராம். எங்கள் பக்கத்தில் கயிற்றைப் போட்டுக் கையால் இழுப்பதுதான் வழக்கம். வடமராட்சியில் துலாவில் தண்ணீர் அள்ளிப் பழகியவருக்கு அது சிறை. அப்பா எதுவும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பனந்துலா ஒன்று வண்டியில் வந்து இறங்கியது. ஊரில் அதுதான் முதல் துலா என்பார்கள். உண்மையோ தெரியாது, ஆனால் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்தது உண்மை. 2010இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணறு குப்பையால் நிறைந்து கிடந்தது. தறப்பாளின் கீழே படுத்துக்கொண்டு கிணற்றை இறைத்தார். கூரைக்குத் தகரம் கிடைப்பதற்கு முன்னமே துலாவை நிறுத்திவிட்டார். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. நான் விடுமுறையில் போய்ப் பார்த்தபோது கோபம் வந்தது. "முதலில வீட்டைப் பாக்கிறதுக்கு இதென்ன விளையாட்டு அப்பா?" என்றேன். அம்மா துலாவை மிதமாக வளைத்துத் தண்ணீர் அள்ளிக்கொண்டே, "நீ உன்ர அலுவலைப் பார்" என்றார். ஆருயிர்க் கணவர் என்பதன் பொருள் எனக்கு அதற்குமேல் விளங்கவில்லை.

தந்தை என்ற வகையில் அவர் எங்களைத் தொட்டுக் கொஞ்சியதாக ஞாபகம் இல்லை. எழுபதுகளின் முதற்பாதியில் அரசு மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்வதைத் தடுத்திருந்த காலம் வடக்குக் கமக்காரருக்குப் பொற்காலம். அந்த மிளகாய்க் காசில்தான் றலி சைக்கிளும் பிலிப்ஸ் றேடியோவும் வந்தன. 77இற்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட, செத்தல் மிளகாய் விலை விழுந்தது. நாங்களும் விழுந்தோம். ஆனால் சைக்கிளும் றேடியோவும் தங்கின.

1991இல் நான் யாழ்ப்பாணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனையிறவுப் பாதை மூடிக் கிடந்தது. கொம்படி, ஊரியான் ஊடாகச் சேற்றையும் தண்ணீரையும் கடந்துதான் சனம் போய்வந்தது. ஒருநாள் மாலை நான் தங்கியிருந்த அறை வாசலில் அப்பா நின்றார். இடுப்புவரை சேறு காய்ந்து வெளிறியிருந்தது. சைக்கிளின் பின்னால் அரை மூடை அரிசி. எங்கள் வயல் நெல்லைக் குற்றி எடுத்த அரிசி. அரிசி நனையாமல் இருக்கத் தண்ணீர் ஆழமான இடங்களில் மூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம். சைக்கிளை வேறொருவர் உருட்டி வந்தாராம். "சாப்பாடு பிரச்சினையெண்டு கேள்விப்பட்டன்" என்றார். ஒரு தேத்தண்ணீர் குடித்தார். படிப்பு எப்படி என்று கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலை வெறும் சைக்கிளில் திரும்பிப் போனார். என் நண்பர்கள் ஆறு பேர் அந்த அரிசியை மூன்று கிழமை உண்டார்கள். இன்று கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் அவர்களில் எவர் என்னோடு பேசினாலும் அந்த அரிசியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள்.

அவருடைய இன்னொரு குணத்தையும் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரை அதில்தான் வந்து முட்டப்போகிறது. எண்பதுகளில் ஒரு வரட்சி ஆண்டு. அப்பா அப்போது கமக்காரர் சங்கத்தின் செயலாளர். அழிவுப் பட்டியல் அவருடைய கையெழுத்தோடு போகவேண்டும். விதைத்து அழிந்த காணிகளோடு விதைக்காத காணிகளும் பட்டியலில் ஏறியிருந்தன. ஊரவர் செய்தது பெரிய குற்றமும் அல்ல. எல்லோரும் பசியில் இருந்தார்கள். அப்பா பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "விதைச்சதை நான் கண்டனானோ?" என்பதுதான் அவர் சொன்ன காரணம். சொந்த மைத்துனர் உட்படப் பலர் ஆண்டுக்கணக்கில் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. "கண்டனானோ" என்பது ஊரில் அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. பிறகு நான் பத்திரிகைக்குப் போனதும், இரண்டு மூலங்களில் உறுதிப்படுத்தாமல் செய்தி போடாதே என்று அங்கே எனக்குச் சொல்லித் தந்தார்கள். அப்பாவுக்கு இரண்டு மூலம் போதாது.

2009 ஆனி மாதம். கொழும்பில் செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதைத் தனியாக எழுதவேண்டும், இங்கே வேண்டாம். எண்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த எண்களுக்குள் என் வீட்டார் ஐந்து பேர் இருந்தார்கள்: அப்பா, அம்மா, தம்பி, தம்பியின் மனைவி, அவர்களது இரண்டு வயது மகள். ஓரிரவு தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. முகாமில் எவருடையதோ கைத்தொலைபேசி. பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கும் இரைச்சல். அப்பா சொன்னது ஒரே ஒரு வசனம்.

"தம்பி, நாங்கள் நாலு பேர் இருக்கிறம்."

தொடர்பு அறுந்துவிட்டது. நாலு என்று அவர் சொன்னதை முதலில் நான் மகிழ்ச்சியோடுதான் கேட்டேன். பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

மே மாத நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்துக்கு முன்னால் சனநெரிசலில் தம்பியைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் கண்டவர்கள் இல்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இன்றுவரை அவ்வளவுதான்.

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போரில் காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. சான்றிதழ் இருந்தால் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தம்பியின் பெயரில் வங்கியில் கிடந்த சிறு சேமிப்பை எடுக்கலாம். 2012இல் விண்ணப்பப் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நான் ஊருக்குப் போனேன். தம்பியின் மனைவி சம்மதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. தந்தையின் சத்தியக் கடதாசியும் இருந்தால் நல்லது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். மடித்து என்னிடம் தந்தார்.

"எல்லாருக்கும் தெரியும் அப்பா" என்றேன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சது உன்ர பேப்பரில வரும். நான் கண்டனானோ?"

நான் அன்று மிகக் கடுமையாகப் பேசினேன். உங்கள் பிடிவாதத்துக்கு ஓர் இளம்பெண் விலை கொடுக்கிறாள் என்றேன். அவர் மருமகளைக் கூப்பிட்டு, "பிள்ளை, நீ எடுக்கிறதெண்டால் எடு. நான் ஒண்டும் நினைக்க மாட்டன். ஆனா நான் கையெழுத்து வைக்கேலாது" என்றார். மாமனார் அப்படிச் சொன்ன பிறகு எந்த மருமகள் எடுப்பாள்? அவர் எடுக்கவில்லை. நாள் சம்பளத்துக்குத் தையல் வேலைக்குப் போனார். விடிய ஐந்து மணிக்குப் பஸ் எடுத்து, இருட்டியபின் திரும்புவார். இந்த விடயத்தில் அப்பா செய்தது சரி என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனவர் என்று மட்டும் சான்றிதழ் பெறலாம் என்று ஆக்கினார்கள். அதற்கு அப்பா உடனே கையெழுத்து வைத்தார். "இது உண்மைதானே" என்றார். ஆனால் அதற்கிடையில் போன நாலு ஆண்டுகள் அந்தப் பெண்ணினுடையவை, அப்பாவுடையவை அல்ல.

2017 மாசியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் வீதியோரக் கொட்டகைகளில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அம்மா தம்பியின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போகத் தொடங்கினார். அப்பா ஒருநாளும் போகவில்லை. போகாதே என்று அம்மாவைத் தடுக்கவும் இல்லை. காலையில் சைக்கிளில் அம்மாவை வீதிவரை ஏற்றிவந்து, சாப்பாட்டுப் பொதியைக் கையில் கொடுத்து, பஸ்ஸை மறித்து ஏற்றிவிட்டு வயலுக்குப் போவார். மாலையில் அதே இடத்தில் சைக்கிளோடு நிற்பார். விடை தெரியாமலே நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இறந்துவிட்டார்கள் என்று போராடும் குடும்பங்கள் கணக்குச் சொல்கின்றன. அப்பா கொட்டகையில் இருக்காதவர். அந்தக் கணக்கில் அவர் சேர்ந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

பேரன் என்ற பாத்திரத்தில்தான் அவர் முற்றிலும் வேறு மனிதர். கொழும்பிலிருந்து போகும் என் பிள்ளைகளுக்குப் பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கி வைத்திருப்பார். ஆனால் அவருடைய உயிர் தம்பியின் மகள்தான். எங்களைத் தூக்காதவர் அவளைத் தோளில் வைத்துக் குளக்கட்டில் நடந்தார். மார்கழியில் குளம் வான் பாயத் தொடங்கினால் முதலில் அவளுக்குத்தான் காட்டவேண்டும். துருசு திறக்கும் நாளில் அவளுக்குப் பாடசாலை இல்லை. காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார். உண்மைக்குப் புறம்பான கடதாசி ஒன்றில் அவர் கையெழுத்து வைத்தது அந்த விடயத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவளை முதலாம் வகுப்பில் சேர்க்கும் படிவமும் அதே 2012இல்தான் வந்தது. தந்தையின் பெயர் என்ற இடத்தில் தம்பியின் பெயரைத் தமது குண்டு எழுத்தில் எழுதினார். உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா, பொருந்தாததை வெட்டுக. அப்பா இரண்டையும் வெட்டவில்லை. கீழே பாதுகாவலர் என்ற இடத்தில் தமது பெயரை எழுதி ஒப்பமிட்டார். படிவத்தைப் பெற்றவர் அதைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேசாமல் கோப்பில் போட்டுவிட்டார். வன்னியில் அப்போது அப்படியான படிவங்கள் அவருக்கு நிறைய வந்திருக்கும்.

இப்போது அந்த இரவுக்குத் திரும்புகிறேன். அறிவித்தலில் பாசமிகு தந்தையும் என்ற வரிக்கு வந்தேன். என் பெயர், அடைப்புக்குறிக்குள் கொழும்பு. தங்கையின் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. தம்பியின் பெயர்.

முன்னால் ஒரு சொல் வேண்டும் அல்லது வேண்டாம். எத்தனையோ குடும்பங்களுக்காக நான் தீர்த்து வைத்த விடயம் இது. தொலைபேசியில் தயங்கும் உறவினரிடம், "அறிவித்தலில குழப்பம் வரக்கூடாது, ஒரு முடிவைச் சொல்லுங்கோ" என்று அலுவலகக் குரலில் கேட்டவன் நான். அந்தச் சொல்லைப் போட்டால், அம்மாவின் மகன் அன்று இரவு இறப்பான். நெற்றியில் பொட்டோடு திரியும் ஒரு பெண் நாளிதழில் விதவையாவாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தகப்பனில்லாதவளாக நாளை பாடசாலைக்குப் போவாள். போடாவிட்டால், பத்தாண்டுகளாக நான் மனதுக்குள் ஏற்றுக்கொண்டிருந்த ஒன்றை மறைத்து அச்சிடுகிறேன். அம்மாவை அழைத்தேன். "என்னட்டக் கேளாதை. அவளிட்டக் கேள்" என்று தொலைபேசியை மருமகளிடம் கொடுத்தார்.

நான் விளக்கத் தொடங்குமுன்னமே அவர் சொன்னார்: "மாமா வைக்காத கையெழுத்தை இப்ப நாங்கள் ஏன் அத்தான் வைப்பான்?"

எழுதிக் கீழே விளம்பரப் பிரிவுக்கு அனுப்பினேன். கால் மணித்தியாலத்தில் அங்கிருந்த இளைஞன் அழைத்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவன், கவனமான பிள்ளை. அப்பாவின் மறைவுக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சேர், மூன்றாவது பிள்ளைக்கு மட்டும் நாடு விடுபட்டுப்போச்சு. அடைப்புக்குறிக்குள் என்ன போட?"

அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். "ஒன்றும் போடவேண்டாம். அப்படியே விடு" என்றேன். அவன் மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளை. சிறிது நேரம் பேசாமல் இருந்தான். "விளங்குது சேர்" என்றான்.

மழையில் செத்தவீடு நடந்தது. குளம் வான் பாய்ந்துகொண்டிருந்தது. வயல்களில் காலபோக நெல் குடலைப் பருவத்தில் நின்றது. பறை ஓய்ந்த இடைவெளிகளில் வான் இரையும் சத்தம் முற்றம்வரை கேட்டது. தம்பிக்குரிய கடமைகளையும் சேர்த்து நானே செய்தேன். 'கண்டனானோ' என்று பட்டம் வைத்தவர்களின் பிள்ளைகள் பாடையைத் தூக்கினார்கள்.

அன்று மாலை, காடாற்றுக்கு ஆட்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது, அம்மாவின் கைத்தொலைபேசி அடித்தது. பிரான்சிலிருந்து ஒருவர், தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து வளவில் இருந்தவர், தம்பியோடு ஒன்றாகப் படித்தவர். இணையத்தில் அறிவித்தலைப் பார்த்திருக்கிறார். அம்மா ஒலிபெருக்கியைப் போட்டுத்தான் பேசுவார். ஆகவே எனக்கும் கேட்டது. துக்கம் விசாரிக்கவில்லை அவர். குரல் நடுங்கியது. மகிழ்ச்சியில் நடுங்கியது.

"மாமி, பேப்பரில அவன்ர பேருக்கு முன்னால ஒண்டும் இல்லை. கிடைச்சிட்டானோ மாமி? வந்திட்டானோ?"

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இல்லை மோனை. பேர் மட்டும்தான் வந்திருக்குது" என்றார். பிறகு அவருடைய பிள்ளைகள் எத்தனையாம் வகுப்பு, தமிழ் பேசுவார்களா, அங்கே குளிர் எப்படி என்றெல்லாம் விசாரித்தார்.

அன்றும் அடுத்த நாளுமாக அப்படி ஏழு அழைப்புகள் வந்தன. ஏழுக்கும் அம்மாவே பதில் சொன்னார். தொலைபேசியை என்னிடம் தரவில்லை.